உழக்கு மிஞ்சாதவர்களுக்கு ஒரு விருது

(விசைப்பலகை ஆர்வலர்களின் ஆண்டு விருது விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பொறியியல் கல்லூரியின் முன்னாள் முதல்வர் அம்மையார் அவர்களே, இம்மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்ததோடு காலையிலிருந்து முன்வரிசையை விட்டு எழாமல் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, கோப்பைகளுக்கான செலவை ஏற்றுக்கொண்டு தம் பெயரை அழைப்பிதழில் போட வேண்டாம் என்று சொல்லி, போடாததை இப்போது நான் சொல்லிவிட்டதால் சங்கடப்படும் அச்சகத்து ஐயா அவர்களே, பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் இரவு வண்டி பிடித்து, விசைப்பலகைப் பெட்டியைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் இளைஞர்களே, அவர்களைப் பார்த்து வியந்தபடி பின்வரிசையில் நிற்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய தம்பி, போர்த்தும்போது என் கண்ணாடியைத் தட்டிவிட்டார். அதனால் எழுதி வந்த குறிப்பின் முதல் பக்கம் மங்கலாகத் தெரிகிறது. மங்கலாகத் தெரியும் இடங்களை மனத்திலிருந்து பேசுகிறேன். வரவேற்புரை ஆற்றிய தங்கை என்னை "தட்டச்சு உலகின் பிதாமகர்" என்றார். பிதாமகர் யாரும் இல்லை. பாளையங்கோட்டையில் 36 ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன், பன்னிரண்டு பொறிகள் வைத்திருந்தவன், அவ்வளவுதான்.

விசைப்பலகையைத் தாமே கட்டி அழகுபார்க்கும் இந்தப் பொழுதுபோக்கு என் வீட்டுக்குள் நுழைந்தது பேரன் வழியாக. ஒரு நாள் அவன், "தாத்தா, குரூப் பை-க்குப் பணம் கட்டிவிட்டேன்" என்றான். நானும் ஏதோ துணிப்பை வாங்குகிறான் என்று நினைத்து, நல்ல தடித்த துணியாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். பத்து மாதம் கழித்து வீட்டுக்கு வந்தது பை அல்ல, நூற்றுச் சொச்சம் கீகேப்புகள், அதாவது விசைகளின் தலையில் மாட்டும் எழுத்துத் தொப்பிகள். ஒருவர் வடிவமைத்து, குறைந்த அளவு எண்ணிக்கை சேரும்வரை ஊர் ஊராக ஆள் திரட்டி, முன்பணம் வாங்கித் தொழிற்சாலையில் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, வந்ததும் பிரித்துப் பொட்டலம் கட்டி அனுப்பும் கூட்டுக்கொள்முதல் ஏற்பாடு அது என்று பிறகுதான் புரிந்தது. அதை நடத்துகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். பெரும்பாலும் திட்டுத்தான் என்றான்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது, இத்துறையில் விருது யாருக்குச் சேர வேண்டும் என்பது. இரண்டாவது, கீகேப்புகளில் தமிழ் எழுத்து. மூன்றாவது, விருதுக்கு வாக்கெடுக்கும் முறையில் விற்பனையாளர்கள் கலந்துகொள்ளலாமா என்பது.

முதல் செய்திக்கு எங்கள் பக்கத்துப் பழமொழி ஒன்று போதும்: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது. உங்கள் உலகில் உழுதவர்கள் யார் என்று பேரனைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஜப்பானைச் சேர்ந்த ஜுன் வாகோ, ஹாசு என்ற பெயரில் டிஎம்கே (TMK) என்ற நிரலை எழுதி, விசையை அழுத்தினால் என்ன எழுத்து வர வேண்டும் என்பதைப் பலகையின் உரிமையாளரே தீர்மானிக்கும்படி செய்தார். அதிலிருந்து கிளைத்து ஜாக் ஹம்பர்ட் தொடங்கிய க்யூஎம்கே இன்று எண்ணற்றோர் கைபட்டு வளர்ந்து, கடையில் விலைக்கு விற்கும் பலகைகள் பலவற்றுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். இரண்டாகப் பிளந்த எர்கோடாக்ஸ் பலகையின் வரைபடங்களும் அப்படித்தான் பொதுவில் வைக்கப்பட்டன. அதைப் பார்த்துப் பிறந்த பிளவுப் பலகைகளுக்குக் கணக்கே இல்லை.

இன்னொருவர் பெயரைக் கேட்டுத் திகைத்துப்போனேன். 1980களின் பழைய பலகைகளை இன்றைய யுஎஸ்பி கணினியில் பொருத்திப் பயன்படுத்த ஒரு மாற்றி நிரலை உருவாக்கி, காசு வாங்காமல் ஊருக்குக் கொடுத்தவரின் புனைபெயர் "சோரர்". நம் மொழியில் சோரர் என்றால் திருடர். எடுக்கிற பெயரை வைத்துக்கொண்டு கொடுக்கிற வேலையைச் செய்திருக்கிறார் மனிதர்! ஆனால் அந்த நிரலின் மூல வரிகளை அவர் வெளியிடவில்லை. ஆகவே அதில் ஒரு கோளாறு கண்டால் அடுத்தவர் திருத்துவதற்கு வழியில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே வருகிறேன்.

ஹாப்பி ஹாக்கிங் என்ற சிறிய விசைப்பலகையை வடிவமைத்த டோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எய்ச்சி வாடா, அமெரிக்கக் கௌபாய்கள் இறந்த குதிரையை விட்டுச் சென்றாலும் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த கதையைச் சொல்லி, கணினி குதிரை, விசைப்பலகையே சேணம் என்று விளக்கியதாகப் பேரன் படித்துக் காட்டினான். எனக்குக் குதிரையும் தெரியாது, சேணமும் தெரியாது. ஆனால் எங்கள் ஊர்க் கொத்தனார் எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் தம் சொந்தக் கரண்டியைத்தான் எடுத்துப் போவார். அடுத்தவர் கரண்டியில் பூசினால் சுவர் அவர் சொன்னபடி கேட்காதாம்.

உலக அளவில் விசைப்பலகை ஆர்வலர்கள் தமக்குள் பெயர் முன்மொழிந்து, வாக்கெடுத்து, ஆண்டு விருது வழங்கும் வழக்கம் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதே வழியில் நீங்களும் செய்கிறீர்கள், மகிழ்ச்சி. நாச்சியார்கோவில் பட்டறையில் பித்தளையில் வார்த்த இந்த எண்டர் விசை வடிவக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன். என் கை வலிக்கிறது, அவ்வளவு கனம். சிறந்த கட்டமைப்புக்கு ஒன்று, சிறந்த கீகேப் வடிவமைப்புக்கு ஒன்று, சிறந்த ஒலிக்கு ஒன்று, சிறந்த புதுமுகத்துக்கு ஒன்று என்று நான்கு கோப்பைகள் மேசையில் இருக்கின்றன. ஒலிக்கு விருது என்பதை முதலில் கேலி செய்தேன். பிறகு போட்டியாளர் ஒருவரின் பலகையில் நானே பத்து வரி அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு விசைக்கும் அடியிலுள்ள சுவிட்சுகளுக்குள் அவர் தூரிகையால் மெலிதாகத் தடவிய உயவுப்பசையும், உள்ளே பரப்பிய பஞ்சும் சேர்ந்து, கோவில் மரக்கதவுத் தாழ்ப்பாள் விழுவதுபோல் ஓர் அடர்த்தியான ஓசை வந்தது. கேலியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஆனால் மேசையில் ஐந்தாவது கோப்பை ஒன்று இல்லை. ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், தலைவர் அம்மையார் பொறுத்தருள வேண்டும்.

1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தட்டச்சுத் தேர்வு. அந்தக் காலத்தில் தேர்வு மையத்தில் பொறி இருக்காது. அந்தந்தப் பயிலகம்தான் தம் மாணவருக்கான பொறியைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். நாங்கள் விடியற்காலையில் பொறிகளுக்கு அடியில் வைக்கோல் மெத்தை போட்டு மாட்டுவண்டியில் ஏற்றி, முட்டைக் கூடைபோல் ஓட்டிக்கொண்டு போனோம். ஆனாலும் ரயில்வே கேட்டில் வண்டி ஒரு முறை தூக்கிப் போட்டது. மையத்தில் இறக்கிச் சோதித்தால், ஒரு தமிழ்ப் பொறியில் எந்த விசையை அடித்தாலும் எழுத்து ஒரே இடத்தில் குவிந்து கரும்புள்ளியாகிறது, வண்டி நகரவில்லை. நான் சொல்லும் வண்டி காகிதத்தைத் தாங்கும் வண்டி, மாட்டுவண்டி அல்ல. அந்த வண்டியைச் சுருள்வில் உருளையோடு இணைத்து ஒவ்வொரு அடிக்கும் இழுக்கும் பட்டை அறுந்து, உள்ளே சுருள்வில் முழுவதும் அவிழ்ந்து கிடந்தது. தேர்வுக்கு இருபது நிமிடம். அந்தப் பொறியில் எழுத வேண்டிய பெண், பாட்டியின் தோளில் சாய்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

தேர்வு நாள்களில் யாரும் கூப்பிடாமலே ஒரு மெக்கானிக் அண்ணாச்சி கருவிப்பெட்டியுடன் மையத்து வாசலில் ஏழு மணிக்கே வந்து நிற்பார். எந்தப் பயிலகத்துப் பொறி என்று பார்க்கமாட்டார். அவரை இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன். பொறியைக் கவிழ்த்து ஒரு பார்வை பார்த்தவர், "தம்பி, ஒரு நாடா கொண்டா" என்றார். நான் பறந்து போய்ப் பொட்டலம் பிரிக்காத புதிய மை நாடாச் சுருளைக் கொண்டுவந்து நீட்டினேன். அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்து, "மை நாடாவ வச்சு மாட்டையா கட்டப் போறேன்? கயிறு, தம்பி, கயிறு!" என்றார். எதிரே இருந்த ஒரே கடையும் பூட்டிக் கிடந்தது. அப்போது அந்தப் பெண்ணின் ஆச்சி ஒரு சொல்லும் பேசாமல் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்த சில்லறை, வெற்றிலை, பாக்கு, ஒரு திருநீற்றுப் பொட்டலம் அனைத்தையும் மடியில் கொட்டிக்கொண்டு, பையின் சுருக்குக்கயிற்றை உருவி அண்ணாச்சி கையில் கொடுத்தார். அண்ணாச்சி ஒரு முனையை உருளையின் கொக்கியிலும் மறுமுனையை வண்டியின் ஓரத்திலும் முடிந்து, சுருள்வில்லை விரலால் எண்ணி எண்ணிச் சுற்றி முறுக்கேற்றி, "அடி தாயி" என்றார். அவள் ஒரு வரி அடித்தாள். வண்டி தேர்போல் நகர்ந்தது.

மேற்பார்வையாளர் வந்து கயிற்றைப் பார்த்து, இது விதிப்படி சரியா என்று கேட்டார். விதிப்புத்தகத்தில் கயிற்றுக்கு எதிராக ஒரு வரியும் இல்லை. அந்தப் பெண் முதல் வகுப்பில் தேறினாள். சான்றிதழில் அவள் பெயர் இருந்தது, பயிலகத்தின் பெயர் இருந்தது. அண்ணாச்சியின் பெயரை எழுத அதில் இடமில்லை. அன்றைக்கு அவர் வாங்கிக்கொண்டது ஒரு டீயும் அறுந்த பட்டையும்தான். பட்டை அளவுக்குத் தேவை என்றார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று முன்பே சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அந்த ஆச்சி பயிலகத்துக்கு வந்து, தம் சுருக்குக்கயிற்றைத் திருப்பிக் கேட்டார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அண்ணாச்சி புதுப் பட்டை போட்டு, கயிற்றைத் துவைத்துக் கொடுத்தார்.

இதை இங்கே எதற்குச் சொல்கிறேன்? ஐபிஎம் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த மாடல் எம் பலகையை நீங்கள் கொண்டாடுகிறீர்கள். அழுத்தும்போது மடங்கித் தெறிக்கும் சுருள்வில் அதன் உயிர் என்கிறீர்கள். சரி. ஆனால் உள்ளே அதன் அடுக்குகளை இரும்புத் தகட்டோடு பிடித்திருப்பவை பிளாஸ்டிக்கை உருக்கி அமுக்கிய குமிழ்கள். வயதாக ஆக அவை ஒவ்வொன்றாக ஒடிந்து, பலகையைக் குலுக்கினால் உள்ளே உப்புக்கல் உருள்வதுபோல் ஓசை கேட்கும். அப்படி ஒடிந்தவற்றைக் குப்பையில் போடாமல், எஞ்சிய குமிழ்களையும் சீவி எடுத்துவிட்டு, அந்தந்த இடத்தில் மெல்லிய துளையிட்டு, இரண்டு மில்லிமீட்டர் திருகும் மரையும் முடுக்கி மீட்டெடுக்கும் முறையை ஆர்வலர்களே கண்டு, படம் பிடித்து, படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய மாடல் எஃப் பலகைக்குள் இருக்கும் பஞ்சுப்பட்டை பொடிப்பொடியாக உதிர்ந்துபோனால், அதே அளவுக்குப் புதிதாக வெட்டிப் போடுகிறார்கள். நாற்பது வயதுப் பலகை இன்று இம்மண்டபத்தின் காட்சிமேசையில் ஓசை எழுப்புகிறது என்றால், செய்த நிறுவனம் மட்டும் காரணமல்ல.

ஆகவே என் கோரிக்கை இது. பழுது பார்ப்பவருக்கென்று ஐந்தாவது விருதை அடுத்த ஆண்டே தொடங்க வேண்டும். புதிய பலகை கட்டியவரை மட்டுமல்லாமல், அடுத்தவரின் செத்த பலகைக்கு உயிர் கொடுத்தவரையும், கொடுத்த முறையை எழுதி வைத்தவரையும் அழைத்து மேடையேற்ற வேண்டும். கட்டமைப்பு விருதுக்கும் ஒரு நிபந்தனை சேருங்கள்: ஒட்டுப்பசையால் மூடிய பலகைக்குப் பரிசில்லை, திருகாணி கழற்றித் திறக்க முடிய வேண்டும், நிரலின் மூல வரிகள் பொதுவில் இருக்க வேண்டும். சோரரை நினைவில் வையுங்கள் என்று சொன்னது இதற்குத்தான். சுவிட்சைப் பற்றவைக்காமல் பிடுங்கி மாற்றும் ஹாட்-ஸ்வாப் வசதி வந்துவிட்டதே, பழுது பார்ப்பவர் இனி எதற்கு என்று ஒரு தம்பி தேநீர் நேரத்தில் கேட்டார். அந்தச் சுவிட்சைச் செருகும் பொருத்துவாயே பெயர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பற்றவைக்கத் தெரிந்த நண்பரிடம் போவேன் என்றார். அந்த நண்பருக்குத்தான் ஐந்தாவது கோப்பை.

இரண்டாவது செய்தி, கீகேப்பில் தமிழ். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தவர்; 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டிக் கணினிக்கான தமிழ்99 விசையமைப்பு வந்தது. உயிரெழுத்து இடக்கைக்கும் மெய் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும் அந்த அமைப்பைக் கீகேப்பில் அழகாகப் பொறிக்கும் வேலை நிறைய இருக்கிறது. அதை இளைஞர்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். தேய்ந்த எழுத்தை மீண்டும் பொறித்துத் தரும் பழுதுக்காரர் ஒருவரும் நமக்கு வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது செய்திக்குள் போவதற்குள் செயலாளர் தம்பி சீட்டு நீட்டிவிட்டார். இது இரண்டாவது சீட்டு. முதல் சீட்டை ஆச்சி கயிற்றை உருவும் இடத்தில் நீட்டியதால் நான் படிக்கவில்லை. தலைவர் அம்மையாரின் உரைக்கும் நேரம் வேண்டும் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன். ஐந்தாவது விருதுக்கான முதல் தொகையாக 5,000 ரூபாயைக் காலையிலேயே பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். உழுதவன் கணக்குப் பார்க்கக் கூடாது. நான் பயிலகம் நடத்தியவன், பார்ப்பேன். ரசீது இன்னும் கைக்கு வரவில்லை. ரசீதின் "எதற்காக" என்ற கட்டத்தில் "பழுது பார்ப்பவர் விருது" என்று தெளிவாக எழுதித் தரும்படி பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.