அஸ்திவாரத்தில் ஒளிந்திருந்த லட்சம் இருக்கைகள்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு நகரம். மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம். அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கிலோ 1,07,601 பேர் உட்காரலாம். தொழில்முறை அணிகளுக்காகக் கட்டியது அல்ல; கல்லூரி மாணவர்கள் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டியது. 'பிக் ஹவுஸ்' என்பது அதன் செல்லப்பெயர்.

இந்தப் பிரம்மாண்டத்துக்குக் காரணமானவர் ஃபீல்டிங் யோஸ்ட். பயிற்சியாளராகப் பெயர் வாங்கி, பிறகு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநரானவர். 1920களில் பழைய ஃபெர்ரி மைதானம் கூட்டத்துக்குப் போதவில்லை. லட்சம் பேருக்கு மேல் அமரும் அரங்கம் வேண்டும் என்றார் யோஸ்ட். படிப்பை விளையாட்டு விழுங்கிவிடுமோ என்று பேராசிரியர்கள் பலர் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான், இன்றும் தீராத கவலை. கடைசியில், அலங்காரம் இல்லாத, 72,000 பேருக்கான அரங்கத்துக்கு அனுமதி கிடைத்தது.

யோஸ்ட் அதோடு விடவில்லை. பின்னாளில் லட்சம் இருக்கைகளையும் தாங்கும்படி அஸ்திவாரத்தைப் போடவைத்தார். கேட்டதை மேலே மறுத்தார்கள், அவர் கீழே கட்டிக்கொண்டார்! பணத்துக்குத் தலா 500 டாலர் மதிப்புள்ள 3,000 கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. மூன்று சதவீத வட்டிதான். ஆனால் பத்திரம் வாங்கியவர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு டிக்கெட் வாங்கும் உரிமை உண்டு. வட்டியைவிட அதற்குத்தான் மவுசு என்று நினைக்கிறேன்.

தோண்டிய இடத்தில் நீரூற்று. சேற்றில் புதைந்த கிரேன் ஒன்று இன்னும் மைதானத்தின் அடியிலேயே கிடப்பதாக ஊர்க்கதை உண்டு. அரங்கத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், பல ஆண்டுகள் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் அளவே தெரியவில்லை.

1927 அக்டோபர் 1ஆம் தேதி முதல் ஆட்டம். 1949இல் மரப் பெஞ்சுகள் போய் எஃகு வந்தது, 97,239 இருக்கைகள். 1956இல் 1,01,001. யோஸ்டின் கணக்கு பலித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1946இலேயே இறந்துவிட்டார். எண்ணின் கடைசியில் நிற்கும் அந்த ஒன்று, அவருக்குப் பின் இயக்குநராக இருந்த ஃப்ரிட்ஸ் கிரைஸ்லருக்கான இருக்கை என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பது ரகசியம்.

1975 நவம்பரிலிருந்து, கொரோனா ஆண்டான 2020 தவிர, அங்கு மிச்சிகன் அணி ஆடிய ஒவ்வொரு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். 2013இல் நோட்ர டேம் பல்கலைக்கழக அணியுடனான ஆட்டத்துக்கு, இருக்கைக் கணக்கையும் மீறி, 1,15,109 பேர். அடுத்த ஆண்டு, நாம் அறிந்த கால்பந்தில், ஐரோப்பிய அணிகளான மான்செஸ்டர் யுனைடெட்டும் ரியல் மாட்ரிட்டும் மோதியபோது 1,09,318 பேர் கூடினார்கள். அரசியலுக்கும் அங்கே இடம் உண்டு: 1964 பட்டமளிப்பு விழாவில்தான் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமையையும் இன அநீதியையும் ஒழிக்கும் தமது 'மகத்தான சமுதாயம்' திட்டத்தை விளக்கிப் பேசினார்.

2010இல் 22.6 கோடி டாலர் செலவில் இருபுறமும் சொகுசு அறைகள் எழுந்தன. ஏழை, பணக்காரர் பேதம் அரங்கத்துக்குள் வருகிறதே என்று பழைய மாணவர்கள் சிலர் எதிர்த்தார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் சாய்வு. ஆனால் கட்டணம் வந்தது, கட்டடமும் வந்தது. மற்றவர்களுக்கு இன்றும் பெஞ்சுதான். நவம்பர் குளிரில் நெருக்கியடித்து உட்கார்வதில் ஒரு வசதியும் இருக்கத்தான் செய்கிறது.

நன்றி, வணக்கம்.