ரப்பர் பூட்ஸும் நீல வெங்காயமும்: செக் பீங்கானின் குறும்பு

அவையோருக்கு வணக்கம்.

செக் நாட்டில் பாட்டி வீட்டு அலமாரியைத் திறந்தால் பெரும்பாலும் நீலமும் வெள்ளையுமாக ஒரு பீங்கான் செட் கண்ணில் படும். அந்தப் பூவேலைக்குப் பெயர் சிபுலாக், அதாவது வெங்காயம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைசன் ஆலை சீனப் பாத்திரங்களைப் பார்த்து வரைந்தது அது. எல்லைக்கு இப்பால், வட பொஹீமியாவின் துபீ ஆலையில் 1885 முதல் தயாராகிறது.

இந்தப் புனிதப் பொருளோடுதான் செக் வடிவமைப்பாளர் மாக்சிம் வெல்ச்சோவ்ஸ்கி விளையாடினார். யாகுப் பெர்திக்குடன் 2002இல் க்யூபஸ் என்ற வடிவமைப்பு ஸ்டுடியோவைத் தொடங்கியவர் இவர். லெனினின் மார்பளவுச் சிலை ஒன்றை எடுத்து, நெற்றி, தாடி, கோட்டு என்று உடம்பெல்லாம் சிபுலாக் பூவைப் படரவிட்டார். அலங்காரம் குற்றம் என்று வாதாடிய கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸும் செக் மண்ணில், பிர்னோவில் பிறந்தவர்தான். லோஸின் ‘அலங்காரமும் குற்றமும்’ என்ற கட்டுரைத் தலைப்பையே சிலைக்குப் பெயராக வைத்துவிட்டார் வெல்ச்சோவ்ஸ்கி. பொதுச் சதுக்கத்துக் கடவுளைப் பாட்டியின் சாப்பாட்டு மேசைக்கு இறக்கிவிட்டார், அவ்வளவுதான்!

அவருடைய இன்னொரு பொருள், மழைக்கால ரப்பர் பூட்ஸ் வடிவில் ஒரு பூச்சாடி. வெளித் தண்ணீரை உள்ளே விடாத பொருள் இப்போது உள்தண்ணீரை வெளியே விடாது. கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் பீங்கான் எவ்வளவு கறார் என்று தெரியும். ரப்பர் பூட்ஸைப் பீங்கானாக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் பூட்ஸை விறைப்பாக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டரை ஒரே மூச்சில் ஊற்றினால் பாரத்தில் ரப்பர் புடைத்துவிடும். கொஞ்சம் ஊற்றி, இறுகிய பிறகு அடுத்ததை ஊற்றுங்கள். பிறகு பூட்ஸைச் சுற்றிப் பிளாஸ்டரில் அச்சு: இடம், வலம், அடிப்பாகம் என மூன்று துண்டுகள். அடிப்பாகத்தின் பள்ளங்களில் பிளாஸ்டர் புகுந்து பூட்டிக்கொள்ளும் என்பதால் அதற்குத் தனித்துண்டு கட்டாயம். 100 பங்கு பிளாஸ்டருக்கு 70 பங்கு தண்ணீர், எடைக் கணக்கில். தண்ணீர் குறைந்தால் அச்சு உறிஞ்சாது, கூடினால் சீக்கிரம் தேயும். சுமார் 40 டிகிரியில் நன்றாகக் காய வேண்டும்.

கடினப் பீங்கானுக்கு மரபான கலவை கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் பாதி, ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமப் பொடிகள் கால் கால். கார்லோவி வாரி பக்கத்துக் கயோலின் உலகப் புகழ் பெற்றது. ஆலைகள் அந்த வட்டாரத்தில் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதைத் தண்ணீரில் கரைத்த குழம்பில் சோடியம் சிலிகேட் சில துளி சேர்த்தால் குறைந்த தண்ணீரிலேயே அது ஓடும்.

அச்சில் குழம்பை ஊற்றி, அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் படியும் சுவர் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்ததும் மிச்சத்தைக் கவிழ்க்க வேண்டும். தொல்லை இங்கேதான். கவிழ்க்கும்போது பூட்ஸின் மூக்கில் குழம்பு தேங்கும். அந்த இடம் தடித்து, காயும்போது மெல்லிய பகுதியோடு இழுபறி நடந்து விரிசல் விடும். சாய்த்துச் சாய்த்து வடிப்பதே வழி. அவசரமாகக் கவிழ்த்தாலோ, உள்ளே காற்று புக இடமில்லாமல் ஈரச் சுவரே உள்வாங்கிவிடும்.

காய்ந்த பிறகு, அச்சுத் துண்டுகளின் இணைப்பு பதிந்த மூட்டுக்கோட்டைச் சுரண்டி மழமழப்பாக்குவார்கள். கோடு போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள். சூளையிலிருந்து வரும்போது அதே இடத்தில் மெல்லிய வரம்பாக எழுந்து நிற்கும். அச்சுத் துண்டுகள் சேரும் இடத்தில் களிமண் துகள்கள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருப்பதே காரணம். மட்டத்துக்குச் சற்றுக் கீழாகவே சுரண்ட வேண்டும்.

முதல் சூடு 900 முதல் 1000 டிகிரி. கண்ணாடி போல உருகிப் படியும் மெருகு பூசியபின் இரண்டாம் சூடு 1400 டிகிரியை ஒட்டி, ஆக்சிஜன் குறைந்த சூளையில். அப்போதுதான் மண்ணிலுள்ள சிறிதளவு இரும்பு மஞ்சள் காட்டாமல், குளிர்ந்த நீலச் சாயலோடு வெள்ளை வரும். மொத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் சுருங்கும்: 30 சென்டிமீட்டர் பூட்ஸ் இருபத்தைந்தரை ஆகிவிடும். அசல் அளவே வேண்டுமென்றால் மாதிரியைப் பெரிதாக்கித்தான் தொடங்க வேண்டும். உச்சச் சூட்டில் பீங்கான் பாதி உருகிய நிலையில் இருப்பதால், உயரமான தண்டுப் பகுதி தன் பாரத்திலேயே சாயப் பார்க்கும், வாய் கோணும்.

லெனின் விஷயத்தில் சிக்கல் வேறு. தட்டுக்கென வகுத்த பூவேலை மூக்கிலும் காதிலும் படிய வேண்டும். பூவேலை அச்சிட்ட தாளை ஒட்டுபவர் அதைச் சிறு கீற்றுகளாக வெட்டி, வேலைப்பாட்டின் இடைவெளிகளில் இணைக்க வேண்டும். அடியில் காற்று நின்றால் அந்த இடம் வெள்ளையாகிவிடும். தூரிகையால் வரைபவருக்கோ, முதல் சூடு கண்ட பீங்கான், நீலம் தரும் கோபால்ட்டைத் தொட்டவுடன் குடித்துவிடும். திருத்த வேண்டுமானால் சுரண்டத்தான் வேண்டும். மெருகுக்கு அடியில் 1400 டிகிரியைத் தாங்கும் நிறங்கள் மிகச் சில, அவற்றில் நம்பகமானது கோபால்ட். அதையும் தடிப்பாக வைத்தால் நீலம் கறுத்துவிடும், மேலே மெருகும் ஒட்டாமல் விலகும்.