சாவியை யாரிடம் கொடுப்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியும் எழுந்திருக்காமல் இருக்கும் கணினித் துறைப் பேராசிரியர் அவர்களே, புதுச்சேரியிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்த தம்பி தங்கைகளே, மின்விசிறிக்குக் கீழே முன்கூட்டியே இடம் பிடித்துவிட்ட பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கித் தம்பியை நான் மறந்தால் அவர் என்னை மறந்துவிடுவார். அவருக்குத் தனி வணக்கம். போர்த்திய சால்வைக்கு நன்றி. அடுத்த முறை துண்டாகக் கொடுத்தால் கடலூர் வெயிலுக்கு உதவும்.

யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய நிரலைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அப்படி ஒரு திட்டத்துக்குள் தன்னார்வலராக வருகிறவரை எப்படி அறிவது, பொறுப்பை எப்போது கொடுப்பது, உரிம விஷயத்தில் அவரிடம் என்ன கேட்டு வாங்குவது என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தைத் தலைவர் ஐயாவே தம் உரையில் முடித்துவிட்டார். எனக்கு மிச்சம் ஒரு பழமொழிதான்: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

உங்கள் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள், கருவியை இயக்கும் அடித்தள மென்பொருளாக இருப்பது லினக்ஸ் கர்னல். 1991-இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி, முகம் தெரியாத பலர் கைவைத்து வளர்ந்தது. கதவு திறந்திருந்ததால் வளர்ந்தது. அந்தக் கதவு வழியாக யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு துப்பறியும் கதை சொல்கிறேன். கதைதான், ஆனால் கற்பனை இல்லை. எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். உலகத்தில் எத்தனையோ சர்வர்களில் அது உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டதில்லை. லாஸ்ஸே காலின் என்ற ஒருவர், சம்பளம் இல்லாமல், கிட்டத்தட்டத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வருகிறார். சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்புகிறார். நல்ல திருத்தங்கள். மரியாதையான பேச்சு. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2022-இல் வேறு சில பெயர்கள் முளைக்கின்றன. "ஏன் இவ்வளவு தாமதம்? முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று காலினை நச்சரிக்கின்றன. அவரோ, எனக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். அதைக் கேட்டும் விடவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? அம்மி நகர்ந்தது. ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார். புதிய வெளியீட்டைத் தயாரித்து அனுப்பும் உரிமையும் அவர் கைக்குப் போனது. பிறகு என்ன? 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில், வெளியாள் திருட்டுத்தனமாகக் கணினிக்குள் நுழைய ஒரு கள்ளவாசல். சோதனைக்கு வைக்கும் கோப்புகளுக்குள் அதை மறைத்திருந்தார்கள். சோதனைக் கோப்பை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

கண்டுபிடித்தவர் போலீஸ் இல்லை, உளவுத்துறை இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தம் கணினியில் வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தவருக்கு, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக அரை விநாடி கூடுதலாக ஆவது உறுத்தியது. அரை விநாடி! நம் வீட்டில் குழாயில் தண்ணீர் வர அரை நாள் ஆனாலும் நாம் உறுத்தலாக நினைப்பதில்லை. மாமன்ற உறுப்பினர் அம்மா மன்னிக்க வேண்டும். அந்த உறுத்தலை ஃப்ராய்ண்ட் தோண்டிக்கொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று ஊருக்கெல்லாம் சொன்னார். கள்ளவாசல் பெரும்பாலும் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் சோதனைப் பதிப்புகளோடு நின்றது. ஜியா டான் அதோடு காணாமல் போனார். அது ஓர் ஆளா, ஒரு கூட்டமா என்பது இன்றுவரை மர்மம்தான்.

கைதட்டலுக்கு நன்றி, அது ஃப்ராய்ண்டுக்குப் போய்ச் சேரட்டும்.

ஃப்ராய்ண்ட் ஊருக்கெல்லாம் சொன்னார் என்றேனே, அதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. பாரதி புதுச்சேரியில் இருந்த காலம். வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் போலி ஆவணங்களை வைத்து ஒரு ஜாடியைப் போட்டுவிட்டான் உளவாளி. தண்ணீர் சேந்தும்போது ஜாடி மேலே வந்தது. ஒளித்து வைக்கவில்லை, அரவிந்தரின் யோசனைப்படி பிரெஞ்சுப் போலீசுக்குத் தாங்களே தகவல் சொன்னார்கள், தப்பித்தார்கள். 1918-இல் நம் கடலூர்ச் சிறைக்குள் அடைபட்ட அதே பாரதியின் வட்டம்தான். அதிலும் கிணறு வருகிறது பாருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே.

சரி, செய்ய வேண்டியது என்ன? தன்னார்வலர்களே சேர்ந்து லினக்ஸ் தொகுப்பு தயாரிக்கும் டெபியன்காரர்களைப் பாருங்கள். 1993-இல் தொடங்கியது. புதியவர் முதலில் வேலை செய்து காட்டுகிறார். அவர் வேலையை வேறொரு உறுப்பினர் சரிபார்த்துத்தான் தொகுப்பில் ஏற்றுகிறார். கொஞ்சம் பழகியபின், தாம் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் பொதிகளை மட்டும் தாமே ஏற்ற உரிமை. முழு உறுப்பினராக வேண்டுமென்றால் பழையவர்கள் பரிந்துரைக்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும், கணினியில் தம் கையெழுத்துப் போலப் பயன்படும் மறைகுறிச் சாவியில் உறுப்பினர்களின் ஒப்பம் வாங்க வேண்டும். ஒப்பம் வாங்குவது எப்படித் தெரியுமா? எதிரெதிரே நின்று, ஒருவர் நாற்பது எழுத்துகளும் எண்களும் கலந்த சாவிரேகையை, அதாவது அந்தச் சாவியின் அடையாளக் குறியை, தாளிலிருந்து வாய்விட்டுப் படிக்கிறார். மற்றவர் பேனாவால் டிக் அடிக்கிறார். அப்புறம் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். கணினி மேதைகள் கடைசியில் வந்து நிற்பது கண்ணுக்குக் கண் பார்ப்பதில்தான்.

நம் துறைமுகத்தில் புதிதாக வந்த பையன் கையில் முதல் நாளே சுக்கானைக் கொடுப்பார்களா? ஐஸ் உடைக்கட்டும், வலை இழுக்கட்டும் என்பார்கள். அதற்காக அவனைக் கரையிலேயே நிறுத்திவிடுவதும் இல்லை. எந்தக் கல்லூரி, எந்த ஊர், ஆங்கிலம் வருமா என்று கேட்பது சோதனை ஆகாது. செய்த வேலையைப் பாருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமல் சேர்க்காதீர்கள். பழையவரானாலும் இந்த விதி பொருந்தட்டும்.

ஆனால் காலின் மாட்டிக்கொண்டது சோதனை தெரியாததால் என்று நான் நினைக்கவில்லை. அவர் தனியாக இருந்தார். பக்கத்தில் நான்கு பேர் இருந்திருந்தால், "யாரய்யா இந்த ஆள், ஒருவராவது பார்த்திருக்கிறீர்களா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்த நான்கு பேர் கூட இடம் வேண்டும். அதனால்தான் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: ஞாயிறு மாலைகளில் நகரத்துப் பொது நூலகம் ஒன்றில் ஒரு கூடம். எட்டு மணிவரை விளக்கு எரியட்டும். ஒரு நீள மேசை, நான்கு மின்இணைப்பு, இணையம். கல்லூரிப் பிள்ளைகள் ஒருவர் நிரலை ஒருவர் படிக்கட்டும். ஆழத்தைக் கரையில் நின்று கேட்டால் தெரியாது. இறங்கியவர்களோடு உட்கார்ந்தால்தான் தெரியும். இதில் அரசுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் மின்கட்டணம்தான். தேநீரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தலைவர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார். உரிமம் பற்றிய மூன்றாவது செய்தி அப்படியே நிற்கிறது. பேராசிரியர் என்னைவிட நன்றாகச் சொல்வார். மாமன்ற உறுப்பினர் அம்மா கையில், அந்தக் கூடம் கேட்கும் மனுவின் நகல் இருக்கிறது. மூலம் வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போடுங்கள். பெயரைப் புரியும்படி எழுதுங்கள். சென்ற மனு எழுத்து விளங்கவில்லை என்று திரும்பி வந்தது. நன்றி, வணக்கம்.