தண்டனையை மேல்கோர்ட் எப்போது குறைக்கும்?

[திரையில்: டர்பன் கோர்ட் கட்டடம்]

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டு மகனுக்குச் சிறை என்று தீர்ப்பானதும் வீட்டார் வக்கீலிடம் முதலில் கேட்பது, "அப்பீல் போனா குறைப்பாங்களா?" என்றுதான். மேல்கோர்ட் பார்ப்பது வேறு. கீழ்க்கோர்ட் நீதிபதி, எவ்வளவு தண்டனை என்று தானே முடிவுசெய்யும் தன் விருப்புரிமையைச் சரியாகப் பயன்படுத்தினாரா என்பதே அங்கே கேள்வி. 10 ஆண்டு கொடுத்த இடத்தில் 8 போதுமே என்று தோன்றினாலும் அதற்காக மட்டும் மேல் நீதிபதிகள் கைவைக்க மாட்டார்கள். 1975-ல் ராபி வழக்கில் சொன்ன விதி இன்றும் நிற்கிறது: தண்டனை முதன்மையாக விசாரணை நீதிபதியின் பொறுப்பு.

[திரையில்: இரண்டு வாசல்கள்]

மேல்கோர்ட் தலையிட இரண்டு வழி. ஒன்று, நீதிபதி சட்டத்திலோ உண்மைகளிலோ வழிதவறியிருக்க வேண்டும். சின்னப் பிசகு போதாது. 1977-ல் பிள்ளை வழக்கில் நீதிமன்றம் வரையறுத்தபடி, அவர் விருப்புரிமையை முறையாகப் பயன்படுத்தவே இல்லை என்று காட்டும் அளவுக்கு அது கனமாக இருக்க வேண்டும். அப்படியானால் மேல்கோர்ட் தண்டனையைப் புதிதாகவே நிர்ணயிக்கலாம். இரண்டாவது, தவறு எதுவும் தெரியாவிட்டாலும், மேல் நீதிபதிகள் தாங்கள் கொடுத்திருக்கக்கூடிய தண்டனைக்கும் கீழ்க்கோர்ட் கொடுத்த தண்டனைக்கும் உள்ள இடைவெளி அதிர்ச்சி தருவதாக இருக்க வேண்டும். 2001-ன் மால்காஸ் தீர்ப்பு இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துவைத்தது.

[திரையில்: 6 + 6 + 6]

மூன்று குற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் 6 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஓடட்டும் என்று நீதிபதி சொல்லாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆம் பிரிவுப்படி அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். மொத்தம் 18. மூன்றும் ஒரே இரவில் நடந்தவை, கூட்டுத்தொகையைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை என்றால், அது வலுவான காரணம். விசாரணைக் கைதியாக உள்ளே கழித்த மாதங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் அப்படித்தான். "நல்ல பையன், கோயில் கமிட்டியில் உழைத்தவன்" என்பதைக் கீழ்க்கோர்ட் கேட்டு எடைபோட்டிருந்தால், அதையே மறுபடி சொல்வதில் பலனில்லை. பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

ஆயுதக் கொள்ளை போன்ற வழக்குகளில் குறைந்தபட்சத் தண்டனையை விதிக்கும் 1997-ன் 105-ஆம் சட்டம் குறுக்கே நிற்கும். முதல்முறைக் குற்றவாளிக்கே குறைந்தது 15 ஆண்டு. அதற்குக் கீழே இறங்க, கணிசமான, வலுவான சூழ்நிலைகள் இருந்ததைக் காட்டியாக வேண்டும்.

அப்பீலில் தண்டனை கூடவும் செய்யலாம். இதை வீட்டாருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கைதி போட்ட அப்பீலில் கூட்ட நினைத்தால் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2012-ல் போகார்ட்ஸ் வழக்கில் விதித்தது. அரசுத் தரப்பும் அப்பீல் போகலாம்: காதலியைக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கார் பிஸ்டோரியஸின் 6 ஆண்டு, 2017 நவம்பரில் புளூம்ஃபொண்டெய்னின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 13 ஆண்டு 5 மாதமானது அப்படித்தான்.

[திரையில்: 14 நாள், 21 நாள்]

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தண்டனை என்றால், 14 நாளுக்குள் அதே கோர்ட்டில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் 21 நாளுக்குள் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு மனு. கனமான குற்றங்களை விசாரிக்கும் ரீஜனல் கோர்ட் ஆயுள் தண்டனை விதித்திருந்தால் அனுமதியே தேவையில்லை. அப்பீல் போட்டதால் சிறைவாசம் நிற்காது. பெயில் தனியாகக் கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் "தண்டனை அதிகம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தண்டனைக்கான காரணங்களை நீதிபதி வாசித்த பகுதியின் எழுத்துப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்ன விடுபட்டது என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.