சக்கையில் சிக்கும் உலோகம்

நேயர்களுக்கு வணக்கம்.

மின்முலாம் பூசும் ஆலைகள், மின்கலத் தொழிற்சாலைகள், தோல் பதனிடும் ஆலைகள் வெளியேற்றும் நீரில் ஈயம், காட்மியம், நிக்கல், குரோமியம் போன்ற கன உலோகங்கள் கரைந்திருக்கலாம். சாக்கடை அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று சிதைத்துவிடும். உலோகமோ தனிமம், அதை எந்த உயிராலும் சிதைக்க முடியாது. மண்ணிலும் மீனிலும் நம் எலும்பிலும் சேர்ந்துகொண்டே போகும். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சுண்ணாம்பு சேர்த்து உலோகத்தைப் படியவைப்பது பழைய முறை. பெரும்பகுதி படிந்துவிடும். கடைசியாக எஞ்சும் சிறு அளவு மட்டும் நீரோடு போய்விடும். அதைப் பிடிக்கத்தான் உமி, மரத்தூள், கரும்புச் சக்கை, பழத்தோல் எல்லாம் கைகொடுக்கின்றன.

இவற்றை அப்படியே நீரில் போட்டால் பிடிப்பு குறைவு. போதாததற்குச் சாயம் இறங்கி நீரின் மாசு கூடும். அதனால் முதலில் பதப்படுத்த வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடில் (காஸ்டிக் சோடாவில்) ஊறவைத்தால், தாவர நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினில் ஒரு பகுதி கரைந்து, உள்ளிருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் வெளிப்படும். பிறகு சிட்ரிக் அமிலத்தில் நனைத்துச் சுமார் 120 டிகிரி செல்சியசில் சூடாக்கினால், அமிலம் செல்லுலோஸோடு பிணைந்து கார்பாக்சில் தொகுதிகள் எனப்படும் புதிய அணுக்கூட்டங்களைத் தரும். எதிர்மின்னூட்டம் கொண்ட அந்தத் தொகுதிகளில்தான் நேர்மின்னூட்டம் கொண்ட ஈய, காட்மிய அணுக்கள், அதாவது அயனிகள், வந்து ஒட்டுகின்றன. விலை குறைந்த இரண்டே பொருள்களில் இது நடப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் நீரின் அமிலத்தன்மையைப் பார்க்காமல் இறங்கினால் எல்லாம் வீண். அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமிலத்தன்மையை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஈயத்துக்குப் பொதுவாக பி.எச். 5 முதல் 6 வரை நல்லது. குரோமியத்தின் ஒரு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் நேர்மாறு: அது எதிர்மின் அயனியாக இருப்பதால், பி.எச். 2 அளவிலான கடும் அமிலத்தில்தான் நன்றாகப் பிடிபடும். இரண்டும் கலந்த நீரை ஒரே தொட்டியில் ஒரே தடவையில் சுத்தம் செய்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆய்வகத்தில் உலோகம் 95 விழுக்காடு நீங்கியது என்று படிக்கும்போது நான் கேட்கும் கேள்வி வேறு. ஒரே உலோகம் கரைத்த தூய நீரா, பல உப்புகள் கலந்த உண்மையான ஆலைக் கழிவா? சக்கையை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தினார்கள்? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் உலோகம் கழன்று வரும், சக்கை மீண்டும் உழைக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் திறன் கொஞ்சம் தேயும்.

தேய்ந்த சக்கையை, தாவரக் கழிவுதானே என்று, தயவுசெய்து எருக்குழியில் கொட்டிவிடாதீர்கள். நீரிலிருந்து எடுத்த ஈயம் அதில் அப்படியே இருக்கிறது. எரித்தாலும் பெரும்பகுதி சாம்பலில் தங்கும், புகையோடும் கொஞ்சம் போகும். அபாயக் கழிவுக்கென அமைத்த காப்பான குழிக்குத்தான் அது போக வேண்டும். அந்தச் செலவையும் முதல் நாளே திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.