யோசெமிட்டியில் கூடாரம் அடிப்பவர்கள் கரடி குறித்துக் கேட்கும் சந்தேகங்கள்

வணக்கம். கலிஃபோர்னியாவில் வசிக்கும் சகோதரி ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "ஜூன் கடைசியில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கப்போகிறோம். ஆறு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கரடி வராமலிருக்க இரவு முழுவதும் தீ எரியவிட்டால் போதுமா? சாப்பாட்டை மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டுமா, காரில் வைத்துப் பூட்டினால் ஆகாதா? கரடியை விரட்டும் காரத் தெளிப்பான் இருக்கிறதே, அந்தக் கரடி ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளட்டுமா?" இவற்றுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் சொல்கிறேன்.

முதலில், அங்கே இருப்பது எந்தக் கரடி என்று தெரிந்துகொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவின் கொடியில் நீங்கள் பார்க்கும் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி 1920களிலேயே அந்த மாநிலத்திலிருந்து அழிந்துவிட்டது. யோசெமிட்டியில் இன்று வாழ்பவை அமெரிக்கக் கருங்கரடிகள் மட்டுமே. அவற்றின் எண்ணிக்கை 300 முதல் 500 வரை இருக்கும் என்று பூங்கா நிர்வாகம் கணக்கிடுகிறது. கருங்கரடி என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்; யோசெமிட்டியில் பெரும்பாலானவை பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். அந்தப் பூங்காவில் கரடி தாக்கி எவரும் இறந்ததில்லை. ஆகவே பிள்ளைகளை நினைத்து நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அந்தக் கரடி உங்கள் கூடாரத்தைத் தேடி வருவது உங்கள் உணவுக்காகத்தான். உணவை எங்கே வைக்கிறீர்கள், எவ்வளவு நேரம் வெளியே விடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. வேலியோ, விளக்கோ, சத்தமோ அதற்கு ஈடாகாது.

தீ குறித்துக் கேட்டீர்கள். மனிதர்களோடு பழகிய கரடி தீயைக் கண்டு அஞ்சுவதில்லை. அதைவிட, தீயில் கொழுப்புச் சொட்டி எரிந்தாலோ, மிச்சம் மீதியை அடுப்புக் குழிக்குள் போட்டுக் கொளுத்தினாலோ, நள்ளிரவில் அணைந்த சாம்பலே அதற்கு விருந்து மணமாகிவிடும். குளிருக்குத் தீ மூட்டுங்கள், கரடியை விரட்டுவதற்கென்று மூட்டாதீர்கள், படுக்கும் முன் நீரூற்றி முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.

அடுத்தது கார். இதில்தான் நம்மவர்கள் பலர் தவறு செய்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கரடி தன் நகங்களைக் கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் நுழைத்து, கண்ணாடியோடு கதவையே கீழ்நோக்கி வளைத்துவிடும். பூட்டு இங்கே பொருட்டே அல்ல. 1998ஆம் ஆண்டில் மட்டும் யோசெமிட்டியில் கரடிகளால் 1,500க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின. அவற்றில் பெரும்பங்கு கார்களை உடைத்தவை, சேதத்தின் மதிப்பு ஆறரை லட்சம் டாலரைத் தாண்டியது. அதன் பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்று தனியாக நிதி ஒதுக்கியது. கூடாரத் தளங்களிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகள் வந்தன, ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்கள் இரவில் சுற்றி வந்து சோதித்தார்கள், சம்பவங்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டன. கரடிகள் எங்கும் போய்விடவில்லை. மனிதர்களின் பழக்கம் மாறியது, அவ்வளவே.

2001 முதல் 2007 வரை உடைக்கப்பட்ட வண்டிகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, நிறுத்தப்பட்டிருந்த வண்டிகளில் தங்கள் பங்கைக் காட்டிலும் மினிவேன்கள் மிக அதிகமாக உடைக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் இருக்கையிடுக்குகளில் சிந்தும் பிஸ்கட் தூளும் பழச்சாறும் காரணமாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். மூன்று வயதுப் பிள்ளையோடு போகும் நீங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கிளம்பும் முன்பு வீட்டிலேயே பின்னிருக்கையையும் குழந்தை இருக்கையின் மடிப்புகளையும் வேக்யூம் போட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள். பகலில் சன்னல்களை முழுவதுமாக மூடி, கண்ணுக்குத் தெரியாதபடி வண்டியில் உணவு வைக்க அனுமதி உண்டு. இருட்டிய பிறகு ஒரு சாக்லேட் உறைகூட அதில் இருக்கக் கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கவும், வண்டியைக் கைப்பற்றவும் அங்கே சட்டம் இருக்கிறது.

மரத்தில் தொங்கவிடுவது பழைய முறை. இரண்டு மூட்டைகளை ஒரே கயிற்றின் இரு முனைகளில் சமன்செய்து கிளையின் நுனியில் தொங்கவிடும்படி ஒரு காலத்தில் பூங்காக்களே சொல்லிக்கொடுத்தன. யோசெமிட்டியின் தாய்க்கரடிகள் மெல்லிய கிளைகளுக்குத் தம் குட்டிகளை ஏற்றிவிட்டும், கயிற்றைக் கடித்து அறுத்தும் அந்த வித்தையைத் தோற்கடித்துவிட்டன. இன்று அங்கே உணவைத் தொங்கவிடுவதே விதிமீறல். மலையேறி உட்காட்டில் தங்குபவர்கள், கரடி திறக்க முடியாத கெட்டியான உணவு உருளையான கரடி கேனிஸ்டரைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடை. ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு வாரத்துக்கான உலர் உணவு இதில் கொள்ளும். கரடியின் வாய்க்குள் அடங்காத பருமனும், பல் பிடிக்க விளிம்பில்லாத வழவழப்பும்தான் இதன் பலம். இதைக் கயிற்றால் மரத்தோடு கட்டிவைக்காதீர்கள். கயிறு இருந்தால் கரடிக்கு இழுத்துச் செல்லப் பிடி கிடைத்துவிடும். கூடாரத்திலிருந்து தள்ளி, உருண்டு ஆற்றிலோ பள்ளத்திலோ விழாத சமதரையில் வைத்தால் போதும்.

ஆனால் சகோதரி, நீங்கள் தங்கப்போவது பள்ளத்தாக்கிலுள்ள கூடாரத் தளத்தில். அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதன் உள்ளளவு ஏறக்குறைய 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். உங்கள் ஐஸ் பெட்டியின் உயரத்தை இன்றே அளந்து பாருங்கள். 18 அங்குலத்தைத் தாண்டினால் வேறொன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலியான ஐஸ் பெட்டியையும் உள்ளேதான் வைக்க வேண்டும், ஏனென்றால் கரடி அதன் வடிவத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளும். பெட்டிக்குள் போக வேண்டியது சாப்பாடு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பற்பசை, சோப்பு, முகப்பூச்சு, குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், சன்ஸ்க்ரீன், குப்பைப் பை, கழுவாத பாத்திரம் என மணமுள்ள எல்லாமும் கரடிக்கு உணவுதான். நாம் கொண்டுபோகும் புளியோதரை, எலுமிச்சை ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் கலந்த இட்லிப்பொடி ஆகியவற்றின் மணம் நமக்கே அடுத்த தெருவரை வீசும். கரடியின் மோப்பத்துக்கு அது எம்மாத்திரம்! நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள், கோயில் விளக்கின் எண்ணெயைக் குடிக்கவும் ரேஷன் கடைக்குள் புகவும் கரடிகள் கதவை உடைத்த கதைகளைச் சொல்வார்கள். அது வேறு இனம், குணமும் வேறு. ஆனாலும் எண்ணெய் மணத்தின் மீதுள்ள ஆசையில் இரண்டும் ஒன்றுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துத் தாழிட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் படுத்த பிறகு, மகளின் மழைச்சட்டைப் பையில் பாதி தின்ற கடலைமிட்டாய் இருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. அந்த இருட்டில் எழுந்து போய் அதைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்துதான் கண்ணயர்ந்தேன். அன்றிலிருந்து படுக்கும் முன் பிள்ளைகளின் சட்டைப் பைகளைத் தடவிப் பார்க்காமல் கூடாரத்துக்குள் விடுவதில்லை. சமைத்த உடையோடு தூங்காமல் மாற்று உடை அணிந்துகொள்வதும் நல்ல வழக்கம். இன்னொன்று, பெட்டியின் தாழ்ப்பாளைப் பகலிலும் போட வேண்டும். ஒரு நிமிடம் கழிப்பறைக்குப் போய்வருவதற்குள் மேசையிலிருந்த ரொட்டிப் பை காணாமற் போவது அங்கே வெகு சாதாரணம்.

இவ்வளவு கறாராக நான் சொல்வதற்குக் காரணம் உங்கள் பாதுகாப்பு மட்டுமல்ல. ஒருமுறை மனித உணவின் ருசி கண்ட கரடி அந்த இடத்தை மறப்பதில்லை. வேறு காட்டுக்குக் கொண்டுபோய் விட்டாலும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். துணிச்சல் வளர்ந்து ஆளை நெருங்கத் தொடங்கினால் நிர்வாகம் அதைக் கொன்றுவிட நேர்கிறது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு தாயோடு திரியும் குட்டி, தாய் எதைத் தின்னக் கற்றதோ அதையே கற்றுக்கொள்கிறது. மொன்டானாவிலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் 1967 ஆகஸ்ட் 13 அதிகாலையில் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு இடங்களில் இரண்டு கிரிஸ்லி கரடிகள் பத்தொன்பது வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. அவற்றில் ஓரிடத்தில், விடுதி விருந்தினர்கள் கரடியை வேடிக்கை பார்ப்பதற்காகச் சமையல் கழிவு வழக்கமாகக் கொட்டப்பட்டு வந்தது. அமெரிக்கப் பூங்காக்கள் கரடி விஷயத்தில் கண்டிப்பானதற்கு அந்த இரவு ஒரு பெரிய காரணம். அந்தப் பெண்களை நினைக்கும்போதும், அதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட கரடிகளை நினைக்கும்போதும் எனக்கு ஒரே வேதனைதான்.

கரடி வந்தேவிட்டால் என்ன செய்வது? பிள்ளைகளை உங்களை ஒட்டி நிறுத்திக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக நின்று, உரத்த குரலில் கத்துங்கள், பாத்திரத்தைத் தட்டுங்கள். அது விலகிப் போக ஒரு வழி திறந்திருக்கட்டும். சுற்றி வளைக்காதீர்கள், ஓடாதீர்கள். உணவு அதன் கைக்குப் போய்விட்டால் திரும்பப் பிடுங்க முயலவே வேண்டாம். பிறகு ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்ப்ரேயைப் பொறுத்தவரை, யோசெமிட்டிக்குள் கரடி ஸ்ப்ரே கொண்டுசெல்வதே தடை செய்யப்பட்டிருக்கிறது, ஆகவே வாங்காதீர்கள். கிரிஸ்லிகள் வாழும் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கோ கிளேசியருக்கோ போனால் அது இடுப்பிலேயே இருக்க வேண்டும். அதைக் கொசு மருந்து போலக் கூடாரத்தின் மேல் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்வதால் பயனில்லை, பாய்ந்து வரும் கரடியின் முகத்துக்கு நேரே அடிப்பதற்கென்று செய்யப்பட்டது அது. அங்கெல்லாம் உட்காட்டில் தங்கினால் சமைக்கும் இடமும் உணவு வைக்கும் இடமும் படுக்கும் கூடாரத்திலிருந்து நூறு கஜமாவது தள்ளியிருக்க வேண்டும்.

உங்கள் பயணத்தில் தளத்துக்குப் போய் இறங்கியதும் கூடாரத்தை விரிக்கும் முன் இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முன்பு தங்கியவர்கள் ஏதேனும் விட்டுப்போயிருந்தால் எடுத்துக் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வண்டியிலிருந்து முதலில் ஐஸ் பெட்டியையும் பிள்ளைகளின் தின்பண்டப் பையையும் இறக்கி உள்ளே வைத்துத் தாழிடுங்கள். கூடாரம் அடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.