சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்
(டப்ளினில் நடந்த பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கொட்டும் மழையிலும் நம் அழைப்பை ஏற்று வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அம்மையார் அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு யூரோ வாடகை வாங்காமல் திறந்துவிட்டதோடு நில்லாமல் வேட்டியும் கட்டி வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, நம் வட்டார நூலகத்தின் சிறுவர் பிரிவு நூலகர் அவர்களே, விடியற்காலையிலிருந்து பொங்கல் பானையோடு நிற்கும் சகோதரிகளே, நாற்காலி போட்ட தம்பிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நூலகர் அம்மையாருக்கு நான் பேசும் தமிழ் புரியாது. பக்கத்தில் இருக்கும் தம்பி காதோடு காதாக மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தம்பி, ஒரு வரியும் விடாமல் சொல்லுங்கள். இந்தப் பேச்சில் பாதி அவருக்கானது.

அயர்லாந்தின் சிறுவர் நூல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். இங்கே யார் எழுதுகிறார்கள், எந்த மொழியில் எழுதுகிறார்கள், யார் படம் வரைகிறார்கள். மூன்றுக்கும் அடியில் எங்கள் ஊர்ப் பழமொழி ஒன்றுதான் கிடக்கிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

பத்து வயதுப் பிள்ளைகள் இங்கே 'ஆர்ட்டெமிஸ் ஃபௌல்' என்ற நாவல் வரிசையைப் படிக்கிறார்கள். அதை எழுதிய, 2001இல் முதல் நூலை வெளியிட்ட ஓவன் கோல்ஃபர், வெக்ஸ்ஃபோர்டில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரிய முயலும் குட்டி முயலும் வரும், உலகமெங்கும் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் நேரத்தில் படிக்கப்படும் 'கெஸ் ஹௌ மச் ஐ லவ் யூ'வை எழுதிய சாம் மக்பிராட்னி பெல்ஃபாஸ்ட்காரர். 2020 செப்டம்பரில் அவர் காலமானார் என்று செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தோம். சேரா கிராஸன் ஒட்டிப் பிறந்த இரட்டைச் சகோதரிகளின் கதையைக் கவிதையாகவே எழுதி, 2016இல் சிறுவர் நூலுக்கான பிரிட்டனின் கார்னகி பதக்கம் வாங்கினார். டப்ளினில் வாழும் வங்கதேசத்துப் பெண் அதீபா ஜய்கீர்தார் 2022இல் இளையோர் நூலுக்கான வொய்ஏ புக் பிரைஸ் வாங்கினார். அவர் கதைகளில் நம் பக்கத்துப் பெண்கள் வருகிறார்கள், நம் சமையலறை வாசம் வருகிறது. இதைக் கேட்கும் பதின்வயதுப் பெண்கள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷிவான் டவுட் என்ற பெயரையும் சொல்ல வேண்டும். லண்டனில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். 2007இல் புற்றுநோயில் இறந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்பு, தன் நூல்களின் வருமானம் முழுவதும் புத்தகம் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். அவர் மறைந்து இரண்டு ஆண்டு கழித்து, 2009இல், அவருடைய 'பாக் சைல்ட்' நாவலுக்குக் கார்னகி பதக்கம் கிடைத்தது. அந்தப் புகழும் பணமும் பிள்ளைகளின் கைக்குப் புத்தகமாகப் போய்ச் சேர்கின்றன. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இத்தனை சின்ன நாட்டில் இத்தனை எழுத்தாளர்களா என்று கேட்பார்கள். சட்டியை நிரப்ப ஆள் வைத்திருக்கிறார்கள், ஐயா! 2010இல் 'லாரியட் ந நோக்' என்று ஒரு பொறுப்பை உருவாக்கினார்கள். சிறுவர் இலக்கியத்துக்கான நாட்டின் தூதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஷிவான் பார்க்கின்சன். ஏழாவதாக 2023இல் பொறுப்பேற்றவர் கால்வேயின் பட்ரீஷா ஃபோர்ட். சில்ட்ரன்ஸ் புக்ஸ் அயர்லாந்து என்ற அமைப்பு சிறுவர் நூல்களுக்கு விருது கொடுக்கிறது, 'இனிஷ்' என்று பத்திரிகை நடத்துகிறது. 'இனிஷ்' என்றால் ஐரிஷ் மொழியில் தீவு. 'சொல்லு' என்றும் பொருள். எவ்வளவு அழகான பெயர்!

பட்ரீஷா ஃபோர்ட் 2015இல் எழுதிய 'தி வேர்ட்ஸ்மித்' நாவலை என் மகள் ஒரே வாரத்தில் முடித்தாள். உலகம் அழிந்த பிறகு எஞ்சிய ஊர், ஆர்க். அங்கே மக்கள் 500 சொற்களுக்கு மேல் பேசக் கூடாது. பட்டியலில் இல்லாத சொல் வாயில் வரக் கூடாது. சொற்களைக் காக்கும் வேலை கற்கும் லெட்டா என்ற சிறுமியின் கதை அது. படித்து முடித்த அன்று இரவு எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. என் மகள் பேசும் தமிழ்ச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். வா, போ, சாப்பிடு, வேண்டாம், தூக்கம், பசி, சட்னி, அப்புறம்... மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. எந்த அதிகாரியும் தடை போடாமலேயே எங்கள் வீட்டுக்குள் ஆர்க் வந்து உட்கார்ந்திருந்தது.

அந்தத் துயரம் இந்த மண்ணுக்குத் தெரியும். ஐரிஷ் இந்த நாட்டின் முதல் ஆட்சிமொழி. ஆனால் தெருவில் காதில் விழுவது ஆங்கிலம். அதனால்தான் 1920களிலேயே ஐரிஷில் நூல் வெளியிட அரசே 'அன் கூம்' என்ற பதிப்பகம் தொடங்கியது. கால்வே பக்கம் ஸ்பிடலில் 'ஃபூட்டா ஃபாட்டா' என்ற பதிப்பகம் வண்ண வண்ணமாக ஐரிஷ் படக்கதைகள் போடுகிறது. 2020இல் லாரியட் ஆன ஆன்யா நீ கிளின், ஐரிஷில் எழுதுபவர்களில் முதன்முதலாக அந்தப் பொறுப்புக்கு வந்தவர். மொழியைக் காக்க வேண்டுமா, நான்கு வயதுப் பிள்ளையின் மடியில் புத்தகத்தை வை என்று இவர்கள் கண்டுகொண்டார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

2017இல் என் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார்கள். மகளுக்கு அப்போது நான்கு வயது. நூலகத்திலிருந்து டப்ளின்காரர் கிறிஸ் ஹாட்டனின் 'எ பிட் லாஸ்ட்' எடுத்து வந்திருந்தேன். மரக்கிளையில் தூங்கி விழுகிற ஆந்தைக் குஞ்சு கீழே விழுந்துவிடும். அணில் ஒன்று அதை அழைத்துக்கொண்டு அம்மாவைத் தேடப் போகும். அட்டையைப் பார்த்ததும் அம்மா, "ஏட்டி, கோட்டானைப் போயி வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கியே, நல்லதா இது?" என்று புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். பிள்ளை விடவில்லை. ஆச்சி மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் படம் பேசுகிறதே! குஞ்சு "எங்க அம்மா ரொம்பப் பெருசு" என்றால் அணில் கரடியைக் காட்டும். "காது கூரா இருக்கும்" என்றால் முயலைக் காட்டும். "கண்ணு பெருசு" என்றால் தவளை. அம்மா ஒவ்வொரு பக்கத்துக்கும் தாமிரபரணித் தண்ணீரை ஊற்றிக் கதை சொன்னார்கள். கடைசியில் அம்மா ஆந்தை பிஸ்கட் கொடுக்கும். எங்கள் வீட்டில் அது முறுக்கு. அணிலுக்கு இரண்டு, தவளைக்கு இரண்டு. ஒரு நாள் மகளின் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "முறுக்கு என்றால் என்ன? உங்கள் மகள் அந்தப் புத்தகத்தில் அது இருக்கிறது என்று சாதிக்கிறாள்" என்றார்.

அம்மா ஊருக்குப் போன மறு வாரம் புத்தகத்தைத் தேடுகிறோம், காணோம். சோபாவைப் புரட்டினோம், கட்டிலை நகர்த்தினோம். அம்பாசமுத்திரத்திலிருந்து போன் வந்தது. "ஏளா, அந்தக் கோட்டான் பொஸ்தகம் என் பெட்டியில சேலைக்கு நடுவுல இருக்கு. அபராதம் போடுவானோ? போலீஸ் கேஸ் ஆயிருமோ?" அதை யார் கையிலும் கொடுத்தனுப்பவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை, தொலைந்துவிடும் என்று பயம். நூலகப் பக்கமே போக எனக்கும் பயம். அம்மா 2019 வசந்தத்தில் மறுபடி வந்தபோது, புத்தகம் மஞ்சள் பையில் சுற்றி வந்தது. மூன்று பேரும் போய் நின்றோம். அம்மா கையில் ஐம்பது யூரோ நோட்டை மடித்து வைத்திருந்தார்கள்.

நூலகர் புத்தகத்தை வாங்கிக் கணினியில் தட்டினார். சிரித்தார். அந்த ஜனவரியோடு நாடு முழுக்க நூலக அபராதமே இல்லையாம், பழைய நிலுவையும் தள்ளுபடியாம். பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்களுக்குக் கதை பிடித்திருந்ததா?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அன்று அபராதம் கேட்டிருந்தால், வெட்கத்தில் நாங்கள் அந்தப் படியை மறுபடி மிதித்திருக்க மாட்டோம். அபராதம் கேட்காமல், கதை பிடித்திருந்ததா என்று கேட்ட அந்த நூலகர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். கை தட்டுங்கள்!

படம் வரைபவர்களைப் பற்றி, நீவ் ஷார்க்கி, பி. ஜே. லிஞ்ச், ஆலிவர் ஜெஃபர்ஸ் என்று நிறையச் சொல்ல நினைத்தேன். நேரம் போய்விட்டது. நூலகத்தில் எடுத்துப் பாருங்கள், என் வாயால் சொல்வதைவிட அது மேல்.

அதே நூலகத்தில் போலிஷ் நூல்களுக்குத் தனி அடுக்கு உண்டு. வாரம் தவறாமல் போய் நிற்பேன். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள், பாட்டிமார்கள் வாசித்துக் காட்டுகிறார்கள். தமிழ் என்று தேடினால் அடுக்கு இல்லை. ஏன்? அவர்கள் கேட்டார்கள், நாம் கேட்கவில்லை. நூல் வாங்கச் சொல்லி விண்ணப்பம் கொடுக்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. ஒரு நூலகத்தில் வந்துவிட்டால் போதும், கார்க்கில் இருப்பவரும் டோனகாலில் இருப்பவரும் காசில்லாமல் தங்கள் ஊருக்கு வரவழைத்துப் படிக்கலாம். கவுன்சிலர் அம்மையார் அவர்களே, சின்னதாக ஓர் அடுக்கு. நாற்பது புத்தகம். படக்கதை பாதி, பாட்டு கால், மீதி கதை. இதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

எங்கள் அம்மா இப்போது இல்லை. அவர்கள் கடைசியாக வந்தபோது பெட்டியில் கொண்டுவந்த பதினொரு தமிழ்ச் சிறுவர் நூல்களை இன்று மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் நூலின் உள்பக்கத்தில் மஞ்சள் கறை இருக்கும், அது அவர்கள் விரல். நூலகர் அம்மையார் அன்போடு பெற்றுக்கொள்ள வேண்டும். மீதி இருபத்தொன்பதுக்கான விண்ணப்பப் படிவங்கள் வாசலில், பொங்கல் பரிமாறும் மேசைக்குப் பக்கத்தில், பேனாவோடு இருக்கின்றன. நூலக அட்டை எண் தெரியாதவர்கள் பெயரை மட்டும் எழுதுங்கள், எண்ணை நான் வீடு தேடி வந்து வாங்கிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.